டேப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்: ஒரு சமூகத் தொலைக்காட்சிக் குழுவின் வரலாற்றை எழுதுவது எப்படி

எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில் பதினேழு வாழைப்பழ அட்டைப்பெட்டிகள் கிடந்தன. உள்ளே இருந்தவை வீடியோ கேசட்டுகள். தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் 1988 வாக்கில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு வீடியோ குழு தொடங்கினோம். கோயில் திருவிழா, குடியிருப்போர் கூட்டம், பாடசாலை ஆண்டுவிழா என்று படமெடுத்து, கோயில் மண்டபத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியை மேசைமேல் மேசை போட்டு ஏற்றி வைத்து ஊருக்குக் காட்டினோம். பிற்பாடு சமூக ஒளிபரப்புக்கு நிகழ்ச்சிகள் செய்து கொடுத்தோம். அதற்கும் பிற்பாடு ஆளுக்கொரு திசையாகப் போனோம். தமிழும் ஆங்கிலமும் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் செயலாளர் பதவி என் தலையில் விழுந்தது. பதவி போன பிறகும் பெட்டிகள் போகவில்லை.

நான்கு ஆண்டுகள் உட்கார்ந்து அந்தக் குழுவின் வரலாற்றை எழுதி முடித்தேன். மொரீஷியஸிலும் மலேசியாவிலும் இதேபோல் பெட்டிகளோடு மாட்டிக்கொண்டிருப்பவர்கள் இரண்டொருவர் வழி கேட்டார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், எங்கே தொடங்கக் கூடாது என்பது. எங்கள் ஊரில் எந்த மலரைப் பிரித்தாலும் முதல் பக்கத்தில் ட்ரூரோ கப்பல் வந்து நிற்கும். 1860 நவம்பர் 16, சென்னையிலிருந்து புறப்பட்ட முதல் ஒப்பந்தக் கூலிகள், டர்பன் துறைமுகம். பூப்பந்துச் சங்கத்தின் ஆண்டு மலருக்கும் அதே கப்பல்தான். கப்பல் நம் முன்னோரைக் கொண்டுவந்தது, காமிராவைக் கொண்டுவரவில்லை. உங்கள் குழு தொடங்கிய நாளில் தொடங்குங்கள். எங்கள் புத்தகத்தின் முதல் வரி, மண்டபத்தில் இருந்த ஒரே மின்செருகி வேலை செய்யாததால் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக ஒயர் இழுத்ததைப் பற்றியது. அந்த ஒயரின் நீளம் கூடக் கணக்குப் புத்தகத்தில் இருந்தது.

பட்டியல்

பெட்டியைத் திறந்ததும் கேசட்டை எடுத்து, அதை ஓட்டும் இயந்திரமான வீசிஆரில் போடத்தான் கை துடிக்கும். போடாதீர்கள். முதல் ஒரு மாதம் எதையும் ஓட்டிப் பார்க்காமல் பட்டியல் மட்டும் எழுதுங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் ஓர் எண். அந்த எண்ணை மென்பென்சிலால் உறையிலும் கேசட்டின் முதுகிலும் எழுதுங்கள். பழைய லேபிளைக் கிழித்துவிட்டுப் புது லேபிள் ஒட்டுகிறவர்களுக்கு இந்த வேலை வேண்டாம். லேபிளில் உள்ளதைப் பிழையோடு, அடித்தல் திருத்தலோடு, எந்த நிறப் பேனா என்பதோடு அப்படியே பெயர்த்து எழுதுங்கள். யார் கையெழுத்து என்று தெரிந்தால் அதையும்.

இது ஏன் என்று எனக்கு மூன்றாவது பெட்டியில்தான் விளங்கியது. பச்சை மையில் "கல்யாணம்" என்று எழுதிய ஏழு கேசட்டுகள் இருந்தன. நாங்கள் கல்யாண வீடியோ எடுத்தது உண்மை. காமிரா வைத்திருந்த அண்ணன் சனி ஞாயிறுகளில் கல்யாணம் எடுத்துத்தான் காமிராவின் தவணையைக் கட்டினார். ஆனால் கல்யாணக் கேசட்டு வீட்டாரிடம் போய்விடும், நம்மிடம் தங்காது. தங்கிய ஏழும் வாடகை உயர்வை எதிர்த்த கூட்டங்கள். 1985 நவம்பரிலேயே கலவரம் நடக்கும் இடங்களைப் படமெடுக்க நிறவெறி அரசு தடை போட்டிருந்தது. மற்ற மாகாணங்களில் 1990 ஜூனில் விலக்கப்பட்ட அவசரநிலை எங்கள் மாகாணமான நேட்டாலில் அக்டோபர் வரை நீடித்தது. போலீஸ் வந்து அலமாரியைத் திறந்தால் கண்ணில் படட்டும் என்று "கல்யாணம்" என எழுதி வைத்தார்கள். பச்சை மை அடையாளம். லேபிளை நான் மாற்றியிருந்தால் அந்த அடையாளம் குப்பைக்குப் போயிருக்கும்.

இல்லாத கேசட்டுகளையும் பட்டியலில் சேருங்கள். கூட்டக் குறிப்பில் "படமெடுத்தோம்" என்று இருக்கும், பெட்டியில் இருக்காது. அந்த இடத்தில் ஒரு வெற்று எண் போட்டு வையுங்கள். சில அழிக்கப்பட்டவை, சில மேலேயே வேறு பதிவு செய்யப்பட்டவை. புது கேசட்டு வாங்கக் காசில்லாத குழுவின் வரலாற்றில் அழித்து எழுதியதும் ஒரு செய்திதான்.

ஒரே ஒரு முறை ஓட்டுங்கள்

டர்பனின் ஈரக்காற்று சோற்றையே நூல் விட வைக்கும், காந்த நாடாவை விட்டுவைக்குமா? கேசட்டின் சிறு கண்ணாடி ஜன்னல் வழியே பாருங்கள். நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளைத் தூள்போல் தெரிந்தால் அது பூஞ்சணம். அதை வீசிஆரில் போட்டால் அந்தக் கேசட்டும் போகும், இயந்திரத்தின் தலையில் ஒட்டி அடுத்து வருகிற கேசட்டுக்கும் பரவும். அப்படிப்பட்டவற்றைத் தனிப் பெட்டியில் போட்டு, இதே தொழிலாக இருப்பவரிடம் கொடுங்கள். நான் இதைக் கற்றது காசு கொடுத்து. முகவரி சொல்ல விரும்பாத ஒரு கடையில் பன்னிரண்டு கேசட்டுகளை நம்பிக் கொடுத்தேன். பூஞ்சணம் பிடித்த ஒன்றை முதலில் போட்டு, பிறகு மற்ற பதினொன்றையும் அதே இயந்திரத்தில் ஓட்டிவிட்டார்கள். திரும்பி வந்த படமெல்லாம் மழையில் நனைந்த ஜன்னல்போல் இருந்தது.

நல்ல நிலையில் இருப்பவற்றை நீங்களே செய்யலாம். ஒரு விதிதான்: பார்ப்பதற்கென்று ஓட்டாதீர்கள். ஓட்டும்போதே கணினியில் பதிவாக வேண்டும், ஏனென்றால் முதல் ஓட்டமே கடைசி ஓட்டமாக முடியலாம். எங்களுடையதுபோன்ற விஎச்எஸ் வகைக் கேசட்டுகளுக்கு வீசிஆர் செய்துகொண்டிருந்த கடைசிப் பெரிய நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இனி கிடைப்பது எல்லாம் யாரோ ஒருவர் வீட்டு அலமாரியிலிருந்து வருவது. ஒன்று கிடைத்தால் இரண்டாவதையும் வாங்கி வையுங்கள். போடுவதற்கு முன் கேசட்டின் முதுகிலுள்ள சிறு பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிட்டால் தவறிப்போய்க்கூட அதன்மேல் பதிவாகாது. எங்கள் குழுவில் ஒருவர் 1991இல் ஒரு திருவிழாவின்மேல் கிரிக்கெட் பதிவு செய்தார். இன்றுவரை அவர் பெயரைச் சொன்னால் என் அக்காவுக்கு ஆகாது.

படம் மங்கலாக இருந்தால் உடனே நாடாவைக் குறை சொல்ல வேண்டாம். எங்கள் ஊரில் பால் (PAL) என்னும் தொலைக்காட்சிப் பட முறை, 180 நிமிடக் கேசட்டு. சிக்கனத்துக்காகப் பாதி வேகத்தில் பதிவு செய்தால் அதில் ஆறு மணி நேரம் பிடிக்கும், படம் பாதி தெளிவாகத்தான் வரும். எங்களுடையதில் பெரும்பாலும் அப்படி. எந்தக் கேசட்டு எந்த வேகம் என்று குறித்தால், எந்த ஆண்டு கையில் காசு இருந்தது என்பது தானாகத் தெரியும்.

மூலப்பதிவை எஃப்எஃப்வி1 என்னும் தரம் குறையாத வடிவத்தில் வைப்பது ஆவணக்காப்பகத்தார் பழக்கம். இடம் அதிகம் பிடிக்கும். முடியாதவர்கள் டிவி (DV) என்னும் வடிவத்திலாவது வையுங்கள், அது மணிக்குச் சுமார் 13 ஜிகாபைட். பேரப்பிள்ளைகளுக்கு அனுப்ப எம்பி4 தனியே. மூன்று பிரதிகள், இரண்டு வகைக் கருவிகளில், ஒன்று வேறு வீட்டில். வேறு வீடு என்றால் நிஜமாகவே வேறு வீடு, மாடியறை சேராது.

தேதியைக் கண்டுபிடிப்பது

இதுதான் இந்த வேலையின் சுவையான பகுதி. திரையின் மூலையில் ஒளிரும் தேதியை நம்பாதீர்கள். காமிராவுக்குள் இருந்த சிறு பேட்டரி செத்த பிறகு எல்லாத் திருவிழாவும் ஜனவரி 1ஆம் தேதிதான் நடக்கும்.

என் எண்பத்தேழாவது கேசட்டின் லேபிள் "காவடி 1994" என்றது. தைப்பூசம் என்று நினைத்து ஜனவரியில் போட்டேன். 1994இல் தைப் பௌர்ணமி ஜனவரி 27. பதிவு ஓடும்போது, காவடிக்காரர்கள் தெருமுனையில் திரும்புகிற இடத்தில் விளக்குக் கம்பத்தில் தேர்தல் சுவரொட்டிகள் அடுக்கடுக்காகத் தொங்கின. மழை வெயில் படாத புத்தம் புதுச் சுவரொட்டிகள். நெல்சன் மண்டேலாவின் முகம் தெளிவாகத் தெரிந்தது. ஜனவரியில் இவ்வளவு இருந்திருக்குமா? எங்கள் ஊரில் தைப்பூசத்துக்கு எடுப்பதுபோலச் சித்திரா பருவத்துக்கும் காவடி எடுப்பார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த ஆண்டு சித்திரைப் பௌர்ணமி ஏப்ரல் 25, திங்கட்கிழமை. வேலைக்குப் போகிறவர்களுக்காகக் கோயில்கள் ஞாயிற்றுக்கு நகர்த்துவதும் உண்டு. எல்லா இனத்தாரும் வாக்களித்த முதல் தேர்தல் ஏப்ரல் 27, புதன்கிழமை.

அதோடு விட்டிருக்கலாம். அதே கேசட்டின் பின்பாதியில் காவடி முடிந்து, மண்டபத்தில் ஓர் அம்மாள் மாதிரி வாக்குச்சீட்டைப் பிடித்துக்கொண்டு ஆயாக்களுக்கு எப்படிப் புள்ளடி போடுவது என்று சொல்லிக்கொடுக்கிறார். படத்தை நிறுத்தி அந்தச் சீட்டின் அடிப்பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கத்தரித்த ஒரு தாள் துண்டு பசையால் ஒட்டியிருந்தது, ஓர் ஓரம் தூக்கிக்கொண்டு. அதுவரை தேர்தலைப் புறக்கணித்துவந்த இன்காத்தா கட்சி அதில் சேர ஒப்புக்கொண்டது ஏப்ரல் 19. அதற்குள் சீட்டுகள் அச்சாகிவிட்டதால் கடைசியில் அதன் பெயரைத் தனித் துண்டாக அச்சிட்டு அடியில் ஒட்டினார்கள். அந்த அம்மாள் தன் மாதிரிச் சீட்டுக்கும் வீட்டிலேயே ஒரு துண்டு வெட்டி ஒட்டியிருக்கிறார். ஆகவே கேசட்டு ஏப்ரல் 19க்குப் பின், வாக்களிப்புக்கு முன். ஒரு வாரத்துக்குள் அடங்கிவிட்டது. புத்தகத்தில் "1994 ஏப்ரல் 24 அல்லது 25" என்று எழுதி, எப்படிக் கண்டேன் என்பதையும் அரைப்பக்கம் எழுதினேன். நீங்களும் முடிவை மட்டும் எழுதாமல் வழியையும் எழுதுங்கள், பின்னால் வருகிறவர் உங்களைத் திருத்த வசதியாக இருக்கும்.

தேதிக்கு உதவுபவை வேறும் உண்டு. கடைப் பலகையில் ரொட்டி விலை, பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, கட்டி முடியாத கோபுரம். கோயில் கோபுரத்தைப்போல் நல்ல நாட்காட்டி இல்லை. எந்த நிலை வரை சாரம் கட்டியிருக்கிறது என்று பார்த்து எங்கள் பதினோரு கேசட்டுகளை வரிசைப்படுத்தினேன்.

காகிதமும் வாயும்

கூட்டக் குறிப்புகளை நம்பலாம், ஆனால் பாதிதான். நானே எழுதியவை என்பதால் சொல்கிறேன். சண்டை நடந்த கூட்டத்துக்கு நான் எழுதிய வரி: "நீண்ட கலந்துரையாடலுக்குப் பின் ஒத்திவைக்கப்பட்டது." உண்மையில் ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். குறிப்பைவிட ரசீது நேர்மையானது. யார் வீட்டில் டீ போட்டார்கள், யார் காரில் பெட்ரோல் போனது, முக்காலியைப் பழுது பார்க்க யார் கைக்காசு கொடுத்தார்கள் என்பது ரசீதில்தான் இருக்கிறது. தலைவர் பெயர் எல்லாக் குறிப்பிலும் வரும். ஒரு ரசீதில் கூட இல்லை.

பெயர்களில் கவனம் வேண்டும். இங்கே கவுண்டர் கவெண்டர் ஆகியிருக்கிறார், முதலியார் மூட்லி ஆகியிருக்கிறார். ஒரே ஆளின் பெயர் மூன்று காகிதத்தில் மூன்று விதமாக இருக்கும். அவர் இப்போது எப்படி எழுதுகிறாரோ அதை வைத்துக்கொண்டு மற்றவற்றை அகரவரிசையில் "காண்க" என்று போடுங்கள்.

பிறகு பேட்டி. "அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?" என்று கேட்டால் எல்லாரும் "ஒற்றுமையாக இருந்தோம்" என்பார்கள். அதை எழுத நான்கு ஆண்டுகள் தேவையில்லை. "நீங்கள் எதைத் தூக்கிக்கொண்டு போனீர்கள்?" என்று கேளுங்கள். காமிரா, மைக், ஒயர், பேட்டரி, சாப்பாட்டுத் தூக்கு. தூக்கியவருக்குக் கனம் நினைவிருக்கும். இந்தக் கேள்வியால்தான் எங்கள் குழுவில் பெண்கள் ஆறு பேர் ஒயரும் விளக்கும் பிடித்தார்கள், ஒருத்திக்குக்கூட மூன்று ஆண்டுகள் காமிராவைக் கையில் கொடுக்கவில்லை என்பது வெளியே வந்தது. எனக்கும் கொடுக்கவில்லை. அதை நான் மறந்தே போயிருந்தேன் என்பதுதான் வேடிக்கை.

பேட்டிக்குப் போகும்போது மடிக்கணினியில் பழைய பதிவு இரண்டு நிமிடம் போட்டுக் காட்டுங்கள். இருவரைச் சேர்த்து உட்கார வைத்தால் ஒருவர் பொய்யை மற்றவர் திருத்துவார். அண்ணன் தம்பியை மட்டும் சேர்த்து வைக்காதீர்கள், தம்பி வாயே திறக்கமாட்டார். எங்கள் ஊரில் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும், கோபமும் சாமியும் சாப்பாடும் தமிழில் வரும். எந்தச் சொல் எந்த மொழியில் வந்ததோ அப்படியே எழுதி வைத்துவிட்டு, பிறகு மொழிபெயருங்கள்.

சூழலை எவ்வளவு எழுதுவது

இரண்டு பக்கம் போதும், ஆனால் சரியாக இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சியே 1976 ஜனவரி 5இல்தான் முறையாக வந்தது, அதுவும் ஆங்கிலத்திலும் ஆப்பிரிகான்ஸிலும். இந்திய வம்சாவளியினருக்கென்று அரசு ஒலிபரப்பு நிறுவனம் 1983இல் ரேடியோ லோட்டஸைத் தொடங்கியது. அது வானொலி. நம் முகத்தைத் திரையில் நாமே பார்க்க வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

பல ஊர்க்காரர்கள் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள்: பொதுமக்களே நிகழ்ச்சி செய்து காட்டும் "பொதுமக்கள் அணுகு தொலைக்காட்சி" என்ற அமெரிக்கச் சொல்லைத் தங்கள் குழுவுக்கும் கடன் வாங்குகிறார்கள். அமெரிக்காவில் பொதுமக்கள் அணுகு தொலைக்காட்சி என்பது கேபிள் நிறுவனங்களின் கடமையாக வளர்ந்தது. 1971இல் மன்ஹாட்டனில் தொடங்கி, பெரிய நகரங்களின் கேபிள் நிறுவனங்கள் மக்களுக்கு அலைவரிசை ஒதுக்க வேண்டும் என்று 1972இல் விதி வந்தது. 1979இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளிய பிறகு, ஊராட்சிகள் தனித்தனியாகக் கேட்டு வாங்கும்படி ஆயிற்று. அதற்கு முன்னோடி 1967இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் தொடங்கிய மக்கள் பட முயற்சி. எங்கள் நாட்டில் அப்படிக் கேபிளே இல்லை. 1993ஆம் ஆண்டின் சுதந்திர ஒலிபரப்பு ஆணையச் சட்டம் பொது, தனியார், சமூகம் என்று மூன்று வகை வகுத்தது. சமூக நிலையம் உரிமம் வாங்கி ஆன்டெனா வழியே ஒளிபரப்ப வேண்டும். 2000இல் அந்த ஆணையம் தொலைத்தொடர்பு ஆணையத்தோடு இணைந்தது. சொவேட்டோ டிவி 2007இலும் கேப்டவுன் டிவி 2008இலும்தான் ஒளிபரப்பத் தொடங்கின. சட்டத்தில் இடம் கிடைத்ததற்கும் நிலைத்த நிலையங்கள் எழுந்ததற்கும் இடையில் பதினான்கு ஆண்டுகள். எங்களைப் போன்ற குழுக்கள் களைத்துப்போனது அந்த இடைவெளியில்தான். கடன் வாங்கிய அமெரிக்கச் சொல்லை உங்கள் குழுவின்மேல் ஒட்டினால் இந்தக் களைப்பு கண்ணில் படாது.

வெளியிடுமுன்

அருள் வந்து ஆடுகிறவர்களின் படத்தை அவரிடமோ பிள்ளைகளிடமோ கேட்காமல் வெளியிடாதீர்கள். அன்று அவர் அம்மனுக்கு முன் ஆடினார், உலகத்துக்கு முன் ஆடவில்லை. சிறுபிள்ளைகள் முகம், வீட்டு முகவரி, நோய் விவரம் இவற்றுக்கெல்லாம் எங்கள் நாட்டில் 2013ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2021 ஜூலையிலிருந்து முழுமையாகக் கேள்வி கேட்கிறது. பேட்டியின்போதே ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஒருவர் மறுத்தால் விட்டுவிடுங்கள், கெஞ்சாதீர்கள்.

மூலக் கேசட்டுகளை வீட்டில் வைத்திருப்பதில் பெருமை இல்லை. டர்பனில் 1860 மரபு மையம் இருக்கிறது. குவாசூலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. படத்துக்கும் ஒலிக்குமான தேசியக் காப்பகம் பிரிட்டோரியாவில். கொடுப்பதற்கு முன் போய்ப் பாருங்கள், எந்த அறையில் வைப்பார்கள், குளிர்சாதனம் இரவிலும் ஓடுகிறதா என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பட்டியலோடு வருகிறவரைப் பார்த்தால் அவர்களுக்கு மகிழ்ச்சிதான்.

புத்தகத்தை முதலில் நாற்பது பிரதிகள் மட்டும் அடித்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் ஓரத்தில் அகலமாக வெள்ளை விட்டு, உள்ளே ஒரு பென்சிலும் வைத்து, பழைய உறுப்பினர் வீடுகளுக்கு அனுப்பினேன். இரண்டு வாரத்தில் ஒன்பது திரும்பி வந்தன. ஒன்றில் முதல் பக்கத்தில், ஜன்னல் வழியாக ஒயர் இழுத்தவர் என்று நான் எழுதியிருந்த பெயரை அடித்துவிட்டு, நடுங்கும் கையெழுத்தில், "அது அவன் இல்லை, நான்" என்று இருந்தது. கீழே கையெழுத்து: பக்கத்து வீட்டு ஆயா. ஜன்னல் அவருடையது என்று எனக்குத் தெரியும். ஏறி இழுத்ததும் அவரே என்பது தெரியாது. அடுத்த பதிப்பில் திருத்திவிட்டேன்.